"செய்தால் நட்டமில்லை" என்பவர்களுக்கு

உளவளத்துணைக்குள் யோகாசனத்தையும் ஓவியத்தையும் கொண்டுவரலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வசனம் வந்து அதை முடித்துவைத்துவிடும். "செய்தால் என்ன நட்டம்? பிள்ளைகள் கொஞ்ச நேரம் மூச்சுப் பயிற்சி செய்யட்டும், படம் கீறட்டும். பலன் வந்தால் நல்லது, வராவிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லையே." பாடசாலை அதிபர் சொல்வார், தொண்டு நிறுவன இணைப்பாளர் சொல்வார், சில வேளை வைத்தியரே சொல்வார். கூட்டத்தில் இருக்கிற எவரும் மறுத்துப் பேசுவதில்லை. மாத்திரை என்றாலே முகம் சுளிக்கிற ஒரு சமூகத்துக்கு இதைவிட இதமான வாக்குறுதியை யார் தர முடியும்?

யோகமும் கலைச் சிகிச்சையும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பேச்சை மட்டும் நம்பிய உளவளத்துணை வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேரிடம் வாயடைத்துப்போய் நின்றது என்பதை அறிந்த எவரும் இவற்றை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். என் சண்டையெல்லாம் இவற்றுக்காக வாதாடுபவர்கள் தூக்கிப் பிடிக்கும் அந்த ஒற்றை வசனத்தோடுதான். இதயத் துடிப்பை மாற்ற வல்ல ஒன்று, அடியில் கிடக்கும் நினைவை மேலே இழுத்துவர வல்ல ஒன்று, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பாராமல் கொடுத்தால் பிசகத்தான் செய்யும். கெடுதல் செய்யவே முடியாது என்று ஒரு முறையைப் பற்றிச் சொல்பவர், அதற்கு ஒரு சக்தியும் கிடையாது என்று சொல்கிறார். அது அவருக்கே புரிவதில்லை. பிசகியதற்குச் சாட்சி தேடி நாம் கடல் கடந்து போகவும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

போர் இன்னும் ஓயாத காலத்தில் யாழ். மாவட்டப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. டோல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2012இல் அதை 'வேர்ல்ட் சைக்கியாட்ரி' இதழில் வெளியிட்டார்கள். குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 199 பிள்ளைகளுக்கு உடனே பயிற்சி கொடுத்தார்கள். 200 பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். படம் கீறுதல், நாடகம், உடல் அசைவு, விளையாட்டு ஆகியவற்றோடு, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சில உத்திகளையும் சேர்த்த கலவை அது. நடத்தியவர்கள் உள்ளூரிலேயே தெரிவுசெய்யப்பட்டுப் பயிற்றப்பட்டவர்கள். உளநோய் வைத்தியர்களோ உளவியல் நிபுணர்களோ இல்லை. "செய்தால் நட்டமில்லை" என்கிற அன்பர்கள் மனத்தில் வைத்திருக்கும் திட்டத்துக்கு இதைவிடக் கிட்டிய ஒன்றை நான் அறியேன்.

முடிவு என்ன? முதன்மையாக அளக்க நினைத்த அறிகுறிகளில் இரண்டு பகுதியினருக்கும் இடையே மொத்தத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. முரட்டு நடத்தை குறைந்தது. அதுவும் சிறிய பிள்ளைகளிடம் கூடுதலாகக் குறைந்தது. ஆண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகளிலும் பதகளிப்பிலும் நன்மை தெரிந்தது. பெண்பிள்ளைகளிடம்தான் கதை மாறியது. பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளைவிட, எதுவுமே பெறாமல் காத்திருந்த பெண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன.

இதை நிதானமாக வாசிக்க வேண்டும். பயிற்சியால் பெண்பிள்ளைகள் நோயாளிகளாகிவிட்டார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. இரு பகுதியினரும் தேறினார்கள். சும்மா விடப்பட்டவர்கள் அதிகம் தேறினார்கள். அப்படியென்றால் வீடும் உறவும் நாட்களும் சேர்ந்து தாமாக ஆற்றிக்கொண்டிருந்த ஒன்றுக்கு நல்லெண்ணத்தோடு நடத்திய 15 அமர்வுகள் குறுக்கே நின்றிருக்கின்றன. ஏன் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். வகுப்பறையில், சக மாணவர் நடுவே, உள்ளதை வெளியே கொண்டுவரச் சொன்னால் ஒரு பையன் அதை ஆட்டமாக்கிவிட்டுப் போவான். ஒரு பெண்பிள்ளைக்கு அது வேறு கணக்கு: யார் பார்த்தார்கள், யார் வீட்டில் போய்ச் சொல்வார்கள், நாளைக்கு என்ன கதை கட்டுவார்கள். நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஊகம் பிழையாக இருக்கலாம், எண்கள் எண்கள்தான். அந்த எண்களும் ஒரு பகுதி பிள்ளைகளை ஒன்றும் செய்யாமல் வைத்து ஒப்பிட்டதால் மட்டுமே கண்ணில் பட்டன. ஒப்பீடு இல்லாமல் வெறும் பயிற்சி மட்டும் நடந்திருந்தால், எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதி, படங்களை மட்டையில் ஒட்டி, அடுத்த ஆண்டுக்கு நிதி கேட்டிருப்போம்.

"அதில் யோகம் எங்கே இருக்கிறது? யோகம் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் நம் மண்ணிலேயே விடை உண்டு. 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, வடகிழக்கில் போரையும் அலையையும் சேர்த்து அனுபவித்த 31 பிள்ளைகளோடு கட்டானி என்பவரின் குழு ஓர் ஒப்பீடு செய்தது, 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை, பயங்கரமான இடங்கள் உட்பட, வரிசையாகச் சொல்லிக் கோத்தார்கள். மறுபகுதியினர் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இருவருக்கும் ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை.

யோகத்தின் பக்கம் நிற்பவர்கள் இந்த 71ஐத் தூக்கிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். கூடவே அது எப்படிக் கிடைத்தது என்பதையும் காட்ட வேண்டும். நோய் இருக்கிறதா என்று முதலில் பார்த்தே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நடத்தியவர்கள் அந்த வேலைக்கென்றே பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள். அமர்வு இத்தனை என்று எல்லை இருந்தது. பிறகு திரும்பப் போய் அளந்தார்கள். 200 பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ஒலிபெருக்கியில் "மூச்சை உள்ளே இழு" என்பதற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் பொது. இன்னொன்று, ஆதரவாளர்களுக்கு உவப்பாக இராது: இந்த ஆய்வில் சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு கிடையாது. எத்தனை பிள்ளைகள் தாமாகவே மீண்டிருப்பார்கள் என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இது சின்ன விடயமாகத் தெரியாது.

மூச்சு எங்கே பிசகும்? வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைக்கும். தலை சுற்றும், விரல் நுனி விறுவிறுக்கும், நெஞ்சு படபடக்கும். நலமாக இருப்பவருக்கு அது சற்று வேடிக்கையான அனுபவம். திடீர்ப் பீதி வருகிறவருக்கு அவையே பீதியின் அறிகுறிகள்; பயிற்றுவிப்பவர் தம் கையால் அதைக் கிளப்பிக் கொடுக்கிறார். மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டுகிற மெதுவான பயிற்சி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். இரண்டுக்கும் பிராணாயாமம் என்றே பெயர், அழைப்பிதழில் எது என்று எழுதுவதில்லை. அலையில் மூழ்கி எழுந்த பிள்ளையிடம் மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்வது என்ன செய்யும் என்பதை யோசித்துவிட்டா பயிற்சியைத் தொடங்குகிறோம்?

உடலைக் கிடத்துவதிலும் இதே சிக்கல்தான். சவாசனத்தைவிட அமைதியான ஆசனம் கிடையாது என்பது எல்லாருக்கும் பாடம். தடுப்பில் சித்திரவதைக்கு உள்ளான ஒருவரை நிலத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தலைமாட்டில் ஒருவர் எழுந்து நின்றால், அவருடைய உடம்பு எந்த இடத்துக்குத் திரும்பிப் போகும்? அமெரிக்காவில் மனவடுவுக்கென்று யோகத்தைத் திருத்தி அமைத்த டேவிட் எமர்சன் போன்றவர்கள் இதனால்தான் கட்டளையிடும் பேச்சைக் கைவிட்டார்கள். விரும்பினால் செய்யலாம், விரும்பினால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், ஆசிரியர் கை வைத்துத் திருத்த மாட்டார். அந்த முறையை வைத்து வான் டெர் கோல்க் குழு 2014இல் 64 பெண்களோடு செய்த ஆய்வில், 10 வாரத்தின் பின் யோகக் குழுவில் 52 வீதத்தினர் மனவடு நோய் என்ற வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள்; உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் 21 வீதம். யோகம் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. எந்த யோகமும் வேலை செய்யும் என்பதற்கு இதில் ஒரு துரும்பும் இல்லை.

பெங்களூரில் உள்ள உளநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மனச்சிதைவு உள்ளவர்களோடு யோக ஆய்வு செய்தவர்கள் ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் வைத்துக்கொண்டு தியானத்தை ஒதுக்கினார்கள். காதில் குரல் கேட்கிறவரை வெறுமையாக உள்ளே பார்க்கச் சொன்னால் நோய் கூடக்கூடும் என்ற எச்சரிக்கைதான் காரணம். தியானத்தின் பாதக விளைவுகள் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஃபரியாஸ் குழு பார்த்தபோது, ஏறத்தாழ 8.3 வீதத்தினரிடம் ஏதோ ஒரு பாதகம் பதிவாகியிருந்தது. அதிகம் காணப்பட்டவை பதகளிப்பும் மனச்சோர்வும். பேச்சுச் சிகிச்சையிலும் இப்படித்தான் ஒரு பங்கு பேருக்குப் பாதகம் நேர்கிறது. ஆகவே இது பயந்து ஓட வேண்டிய எண்ணும் இல்லை, பூச்சியம் என்று சொல்லிக்கொள்ளக் கூடிய எண்ணும் இல்லை.

இங்கே ஒரு பழைய வாதம் எழும்: மாத்திரைக்கு இல்லாத பக்கவிளைவா? உண்டு, நிறையவே உண்டு. மாத்திரையின் பக்கவிளைவு நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து அதை எண்ணினார்கள். மூச்சுப் பயிற்சி முகாமில் நடுவே எழுந்து போனவர்களை யார் எண்ணினார்கள்? எண்ணாததை இல்லாததாக வைத்துப் பேசுகிறோம். இந்தப் பழக்கம் யோகத்துக்கே அவமதிப்பு. நிம்ஹான்ஸில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று கடும் மனச்சோர்வு உள்ள 45 பேரை மூன்றாகப் பிரித்தது. மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர்களில் 93 வீதமும், இமிப்ரமின் மாத்திரை எடுத்தவர்களில் 73 வீதமும், சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 67 வீதமும் நோய் நீங்கப் பெற்றார்கள். மின்னதிர்ச்சிக்குப் பின்தங்கி, மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக மூச்சுப் பயிற்சி நிற்கிறது. அந்த இடம் அளந்து பெற்ற இடம். "நட்டமில்லை" என்ற சலுகையில் அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்திருக்காது.

ஓவியத்துக்கு வருகிறேன். இங்கே மயக்கம் இன்னும் கூடுதல், ஏனென்றால் பிள்ளை படம் கீறுவதைப் பார்த்து எவருக்கும் பயம் வருவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு நிறக் கட்டிகளோடு வந்திறங்கிய அமைப்புகள் முகாம் முகாமாகப் பிள்ளைகளிடம் அலையை வரையச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். வந்தவர்கள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை. பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டவைக்கும் முறை உதவுவதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிகிறது என்று அதற்குள்ளேயே ஆய்வுகள் சொல்லியிருந்தன, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் அதைத் தவிர்க்கச் சொல்லின. வாயால் கொட்டச் சொல்வதுதான் பிழை, வண்ணத்தால் கொட்டச் சொன்னால் சரி என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதும் சிகிச்சைதான். பென்சிலும் நிறப் பென்சிலும் வரைபவரின் கட்டுக்குள் நிற்கும். நீர்வர்ணம் ஓடும், களிமண் குழையும். கட்டுகளை அவிழ்ப்பதே அவற்றின் குணம். 1978இல் கேகினும் லூசெபிரிங்கும் இதையே ஓர் ஒழுங்காக அமைத்து, இறுகிப்போன ஒருவருக்கு எது, ஏற்கெனவே நிரம்பி வழிகிறவருக்கு எது என்று யோசிக்கக் கற்பித்தார்கள். இரவெல்லாம் கனவில் அலறுகிற பிள்ளைக்குக் கைநிறையச் சிவப்பு வர்ணத்தைக் குழைத்துக் கொடுக்கிற பட்டறை, வைத்தியசாலையில் மருந்து மாறிக் கொடுப்பதைவிட எந்த வகையில் சிறிய பிழை?

படத்தை "வாசிப்பவர்கள்" ஒரு தனிச் சாதி. கண்ணைப் பெரிதாக வரைந்தால் சந்தேகக் குணம், மரத்தில் பொந்து இருந்தால் பழைய காயம், கை இல்லாத உருவம் என்றால் குற்ற உணர்வு. இரண்டு நாள் பயிற்சியில் இந்த அகராதியைக் கொடுத்துவிடுகிறார்கள். லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் 1967இலேயே இதன் வேரைப் பிடுங்கிக் காட்டினார்கள். படங்களையும் நோய்க்குறிகளையும் வேண்டுமென்றே தொடர்பில்லாமல் கலைத்துப் போட்டு மாணவர்களிடம் கொடுத்தார்கள். அனுபவமில்லாத அந்த மாணவர்கள், தேர்ந்த நிபுணர்கள் சொல்லிவந்த அதே தொடர்புகளைப் படங்களில் "கண்டுபிடித்தார்கள்". இல்லாத தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது; ஒருமுறை தெரிந்தால் பிறகு மறைவதுமில்லை. ஒரு தகப்பனைப் பற்றி, ஒரு மாமனைப் பற்றி, ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பெழுதினால் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் இல்லையா?

பயிற்சி பெற்றவர் நடத்தினாலும் எல்லாருக்கும் எல்லாம் பலிக்காது. பிரித்தானியாவில் கலைச் சிகிச்சையாளர் என்ற பட்டத்தைச் சட்டமே காக்கிறது. பதிவில்லாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே மனச்சிதைவு உள்ள 417 பேரோடு நடந்த பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. குழுக் கலைச் சிகிச்சை வழக்கமான பராமரிப்பைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அமர்வுகளுக்குச் சரியாக வரவுமில்லை. கலைச் சிகிச்சையின் முடிவுரை என்று நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் பதிவுபெற்ற சிகிச்சையாளர்கள், வாராந்த அமர்வுகள், ஈராண்டுத் தொடர்பார்வை எல்லாம் இருந்தும் இதுதான் கிடைத்தது என்றால், சனிக்கிழமைப் பட்டறையிடம் எதை எதிர்பார்க்கிறோம்?

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் இரண்டையும் சேர்க்கலாம் என்கிறேன்? நம்மவர் துன்பம் உடம்பில் ஏறித்தான் வைத்தியசாலைக்கு வருகிறது. தலையிடி, நெஞ்சு எரிவு, கைகால் விறைப்பு, நித்திரையின்மை, ஓயாத பெருமூச்சு. இப்படி வருகிறவரிடம் "உங்கள் உணர்வுகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அவர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார். அத்தோடு வாய் திறப்பதே ஆபத்தாக இருந்த முப்பது ஆண்டுகள் நமக்குண்டு. யார் கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு நாற்காலியில் எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும் எவரும் விசாரணை அதிகாரியின் சாயலில்தான் தெரிவார். உடம்பு வழியாக நுழைவதும், சொல்லாமல் காட்ட ஒரு தாளைக் கொடுப்பதும் இந்த இடத்தில் அலங்காரம் ஆகாது, வழியே அதுதான்.

சேர்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். முதலில் உடம்பு தணிய வேண்டும்: கால்கள் தரையில், கண் திறந்திருக்க, மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடுதல். தணிந்த பிறகே தாள். தாளில் எதை வரைவது என்பதை வரைபவரே தீர்மானிப்பார். முதல் சில அமர்வுகளில் நடந்ததை வரையச் சொல்லவே கூடாது. வரைந்ததைப் பற்றிப் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் விட வேண்டும். எழுந்து போகுமுன் மறுபடியும் உடம்பு, ஏனென்றால் கிளறிய ஒன்றோடு ஒருவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பக் கூடாது. சிலருக்கு வாரக்கணக்கில் மூச்சு மட்டும் போதும், தாளே வேண்டாம். வேறு சிலருக்குக் கண்ணை மூடிய எந்தப் பயிற்சியும் ஆகாது, தாள்தான் அவர்களின் புகலிடம். எது யாருக்கு என்று தெரிந்து, ஒன்றை நிறுத்தவும் துணிகிறவர்தான் உளவளத்துணையாளர். இரண்டையும் கலந்து எல்லாருக்கும் ஊற்றுகிறவர் அன்னதான மடத்தில் வேலை பார்க்கலாம். இந்தச் சேர்க்கையைப் பற்றி மேற்கில் சிகிச்சையாளர்கள் எழுதிய நூல்கள் உண்டு. கேரன் கிப்பன்ஸின் நூல் 2015இல் வந்தது. அவை அனுபவத்தின் நூல்கள். தனித்தனியே நன்மை தரும் இரண்டைச் சேர்த்தால் நன்மை இரட்டிக்கும் என்பதை அவற்றை வைத்து நிறுவ முடியாது.

யோகம் நம்முடையது, ஆகவே நமக்குப் பொருந்தும் என்ற பெருமிதத்தை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதற்கு விடையையும் நம்மவரே தந்துவிட்டார். யாழ்ப்பாணத்து உளநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் மரபான தளர்வு முறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தியபோது, சைவருக்கு அவர்களது மந்திரம், முஸ்லிம்களுக்கு அவர்களது திக்ர், கத்தோலிக்கருக்கு அவர்களது செபம், பௌத்தருக்கு அவர்களது சரணம் என்று ஆளுக்கேற்ப மாற்றினார். மட்டக்களப்பில் ஒரே அறையில் அமரும் பத்துப் பேரை நினைத்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் அருமை புரியும். போல் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும் யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் 1996இல் அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில் வரவழைத்தது. ஒரு நாள் விழாவாக அது ஒருபோதும் இருந்ததில்லை. சென்னையில் 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவிய தேசிகாச்சாரும் தந்தையிடம் கற்றதாகச் சொன்னது ஆளைப் பார்த்து ஆசனத்தை மாற்று என்பதைத்தான். யூன் 21 யோக தின மைதானக் காட்சிக்கு மரபின் பெயரைச் சூட்டுகிறவர்கள் அந்த மரபையாவது விசாரித்திருக்கலாம்.

யாழ்ப்பாண ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளிடமே மனவடு அறிகுறிகளிலும் பதகளிப்பிலும் நன்மை தெரிந்தது. நெருக்கடிக்குள்ளேயே இருந்தவர்களிடம் தெரியவில்லை. "நட்டமில்லை" வாதத்தின் மிகப் பெரிய நட்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கிளிநொச்சி வீதியோரத்தில் 2017 பெப்ரவரியில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பது பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற விடையை. அவர்களுக்கு நித்திரை வர மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. நித்திரை அவர்களுக்கும் வேண்டும். அதைச் செய்துவிட்டு "உளசமூக ஆதரவு வழங்கப்பட்டது" என்று ஒரு கட்டத்தில் சரி போட்டு, கோப்பை மூடுவதற்கு மறுப்பு உண்டு. மலிவானதும் யாரையும் கோபப்படுத்தாததுமான ஒன்று கையில் இருக்கும்போது, செலவு கூடியதையும் கோபப்படுத்துவதையும் எந்த அரசும் செய்யாது.

"இவ்வளவு கேள்வி கேட்டால் ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், நம்மிடம் நிபுணர்களா இருக்கிறார்கள்?" என்பது கடைசி அம்பு. கட்டானியின் ஆய்வில் பிள்ளைகளோடு அமர்ந்தவர்கள் உள்ளூர் உளவளத்துணையாளர்கள்தான். நிபுணர் குறைவு என்பது பயிற்சியைக் கூட்டவும் மேற்பார்வையை ஏற்பாடு செய்யவும் காரணம் ஆகலாம்; கண்ணை மூடிக்கொண்டு நடத்தக் காரணம் ஆகாது. ஒரு வலயத்தில் பத்துப் பாடசாலைகள் கேட்டு, ஆள்பலம் ஐந்துக்குத்தான் போதும் என்றால், எந்த ஐந்து முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மற்ற ஐந்துக்கு அடுத்த தவணை. பத்திலும் அதே வினாக்கொத்தைத் தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுங்கள். நடுவில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரை அழிக்காமல் வைத்திருங்கள். பெண்பிள்ளைகளின் விடைகளைத் தனியாகக் கூட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு நிறக் கட்டிகளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.